புகைமணி அறிந்த சித்தர்

எனக்கு எழுபத்தொன்பது வயது முடிந்துவிட்டது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றவர்கள். ஒருத்தி என் தமக்கை விட்டுப் போனவள். யாருடைய சோற்றுக் கோப்பையிலும் ஒரு பிடி சோறு குறைந்ததில்லை. அதைக் கேட்க விரும்புகிறவர்கள் அந்த ஐந்து பேரையும் கேட்கலாம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதுவது அதைவிட மெல்லத்தான் வரும். எங்கள் ஊர்த் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து மூத்தவர்களின் நினைவுகளைப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். "இஞ்சை வந்த கதையை எழுதித் தாங்கோ அம்மா" என்று கேட்டார்கள். விமானத்தில் வந்தது, முகாமில் இருந்தது, முதல் பனியைக் கண்டது எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. வந்தேன், குளிர்ந்தது, வேலைக்குப் போனேன். நான் எழுதப் போவது போன வருடம் நடந்தது.

டென்மார்க்கில் கோல்டிங் என்ற ஊரில் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகளின் தகப்பன் போய்ப் பல வருடமாகிறது. பிள்ளைகளில் மூன்று பேர் கோப்பன்ஹேகன் பக்கம். ஒருவன் லண்டனில், ஒருத்தி கனடாவில். நல்ல பிள்ளைகள். ஆனால் நான் அவர்களுக்கு முதலில் போன் எடுக்க மாட்டேன். தாய்க்குப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். நான் எடுத்தால், "என்னம்மா, என்ன விசயம்?" என்று கேட்பார்கள். விசயம் ஒன்றும் இல்லாமல் எடுத்தவளுக்கு அந்தக் கேள்விக்கு மறுமொழி கிடையாது. ஆகையால் எடுப்பதில்லை.

காலையில் கொம்யூனில், அதாவது நகரசபையில் இருந்து ஒரு டெனிஷ் பிள்ளை வந்து என் காலுக்கு இறுக்கமான காலுறை போட்டுவிடும். கை நல்ல சூடு. வெளியில் மழையா காற்றா என்று சொல்லும். நான் "யா, யா" என்பேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு குளிர்சாதனப் பெட்டி உறுமுவது கேட்கும். அது உறுமலை நிறுத்தினால், நிறுத்தினதும் கேட்கும்.

போன வருடம் தைப்பொங்கல் கழிந்து சில நாளில் அந்தக் குரல் வந்தது.

எங்கள் பெண்களுக்குப் போனில் ஒரு குழு உண்டு. கோயில் விசயம், மரண அறிவித்தல், எந்தக் கடைக்கு முருங்கைக்காய் வந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். எனக்கு எழுத்துக் கூட்ட நேரம் பிடிக்கும் என்று தெரிந்து, குரலாக வருகிறவற்றை எடுத்து எனக்குத் தனியாக அனுப்புவாள் ஒரு தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள், வாய் ஓயாதவள். அவள்தான் அனுப்பினாள்.

"அக்கா, கட்டாயம் கேளுங்கோ. ஏட்டிலை இருந்து எடுத்ததாம். ஆயிரம் வருசத்துக்கு முந்தின சித்தர் ஒருத்தர் எழுதி வைச்சிட்டுப் போனவராம். ஆரோ ஒரு சாமியார் வாசிக்கிறார்."

பின்னால் தம்புரா ஒலித்தது. முன்னால் ஓர் ஆண் குரல், அடித்தொண்டையில், புத்தகத் தமிழில்.

"மகளே, எழுந்தாயா? நீர் அருந்தினாயா?"

நான் கட்டிலில் இருந்தபடியே, "எழும்பிட்டன் ஐயா, தண்ணி இன்னும் குடிக்கேல்லை" என்றேன். சொன்ன பிறகுதான், யாருக்குச் சொன்னேன் என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

குரல் மேஷத்தில் தொடங்கி மீனம் வரைக்கும் ஒவ்வொரு இராசிக்கும் ஒவ்வொரு வாக்குச் சொல்லும். எனக்குச் சிம்மராசி. மற்ற இராசிக்காரர் படுகிற பாட்டையும் கேட்டபடி என் முறைக்குக் காத்திருப்பேன். பிறகு அன்றைய இராகுகாலம் வரும். கடைசியில் ஒரு புத்திமதி. "வாசலில் உப்புத் தூவாமல் இறங்காதே, மகளே. கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும்." இன்னொரு நாள், "சனிக்கு நல்லெண்ணெய் விளக்கு ஏற்று. யன்னல் ஓரமாக வைத்து ஏற்று, புகைமணி அலறும்." அதற்கு முந்திய கிழமைதான் எனக்கு விளக்குப் புகையில் மணி அலறி, கீழ் வீட்டுக்காரன் ஓடி வந்திருந்தான். சித்தர் எப்படி அறிந்தார் என்று மெய்சிலிர்த்து, விளக்கை யன்னல் ஓரத்துக்கு மாற்றினேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமும் இருக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு காலையும் என்னை எழும்பினாயா என்று கேட்க ஒருவர் இருந்தார். அது ஆர், எவர் என்று விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு என் மூத்த மகளின் மகள் வந்து நின்றாள். கோப்பன்ஹேகனில் படிக்கிறாள். என்ன படிக்கிறாள் என்று ஆரும் கேட்டால் அவளின் தாய், "சரித்திரம் மாதிரி ஒண்டு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். மற்றவர்களின் பிள்ளைகள் எல்லாம் டொக்டரும் எஞ்சினியரும் ஆகிவிட்டார்கள் அல்லவா. நான் நேரே அவளிடமே கேட்டேன்.

"சிரிக்கக் கூடாது, அம்மம்மா. நான் படிக்கிறது சாத்திரம்."

"என்ன சாத்திரம்?"

"ஜாதகம். நட்சத்திரம் பார்க்கிறது. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது."

"உதுக்கோ கோப்பன்ஹேகன் போனனீ? எங்கடை கோயில் ஐயரைக் கேட்டிருந்தா ரெண்டு நாளிலை சொல்லித் தந்திருப்பாரே."

அவள் சிரித்துவிட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு விளங்கப்படுத்தினாள். அவளுடைய தமிழ் நடு நடுவே டெனிஷில் போய்த் திரும்பி வரும். நான் அதை ஒரே தமிழாக்கி எழுதுகிறேன்.

எகிப்து தேசத்தில் கிரேக்க பாஷை பேசுகிற ஆட்கள் இருந்தார்களாம். அவர்களில் சிலர் கிரகங்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவன் பிறந்த நேரத்தை வைத்து அவன் எவ்வளவு காலம் இருப்பான், கிரகணம் பிடித்தால் எந்த நாட்டு அரசனுக்குக் கேடு, எந்த நோய்க்கு எந்த இராசிக்குரிய மூலிகை, இப்படி. ஆனால் எழுதினவன் தன் பெயரைப் போடவில்லை. அவனுக்குப் பல நூறு வருடங்களுக்கு முன் அந்த நாட்டில் இருந்ததாகச் சொல்லப்படும் ஓர் எகிப்திய அரசனின் பெயரையும், ஒரு பெரிய பூசாரியின் பெயரையும் போட்டுவிட்டான். அந்த இரண்டு பேருமே சேர்ந்து இரகசியம் அறிந்து எழுதினது என்று.

"அந்த அரசன் ராத்திரி முழுக்கக் கும்பிட்டு நிண்டவராம், அம்மம்மா. வானத்திலை இருந்து ஒரு குரல் வந்ததாம். அந்தக் குரலைச் சுத்திக் கருநீலத்திலை ஒரு உடுப்பு மாதிரி இருந்ததாம்."

"குரலுக்கு உடுப்போ?"

"அப்பிடித்தான் இருக்கு."

எனக்கு அது விளங்கியது போல இருந்தது. சித்தரின் குரலைச் சுற்றித் தம்புரா ஒலிப்பதை நினைத்தேன்.

"முழுப் புத்தகமும் இப்ப இல்லை" என்றாள் அவள். "பின்னாலை வந்த ஆக்கள் தங்கடை புத்தகத்திலை 'அரசர் இப்பிடிச் சொன்னார், பூசாரியார் அப்பிடிச் சொன்னார்' எண்டு எடுத்து எழுதின துண்டுகள்தான் இருக்கு. துண்டு துண்டாக் கைமாறி வந்தது."

"அப்ப அது அரசர் சொன்னதில்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஆரும் போய்ப் பார்த்தனீங்களோ?"

"அந்த அரசன் இருந்தார் எண்டு சொல்லுற காலத்திலை, மேஷம் இடபம் எண்டு வானத்தைப் பன்னிரண்டாப் பிரிக்கிற வழக்கமே எகிப்திலை இல்லை. அது பிறகுதான் வெளியாலை இருந்து அங்கை வந்தது. அந்தக் காலத்து அரசனுக்கு அது தெரிஞ்சிருக்கேலாது. எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதிலை பிடிபட்டிட்டான்."

"எங்கடை இராசியும் அப்பிடி வெளியாலை வந்ததெண்டு சொல்லுவாய் போலை."

அவள் தாள்களை அடுக்கத் தொடங்கினாள். "அதைப் பற்றி இண்டைக்குக் கதைக்க வேண்டாம், அம்மம்மா."

"கதையாதை" என்றேன். "போய் வாயைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வா."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் சோபாவில் போர்த்துக்கொண்டு கிடந்தாள். நான் வழக்கம்போல் போனைக் காதோடு வைத்துச் சித்தரைக் கேட்டேன். "இன்று இராகுகாலம் மாலை ஆறரை தொடங்கி இருள் விழும் வரை" என்றார் சித்தர். அன்றுவரை என் இராசி முடிந்ததும் அவர் சொல்லும் நேரத்தை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

என் குசினிச் சுவரில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கலண்டர் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை இராகுகாலம் நாலரை தொடக்கம் ஆறு. அதை நான் வாசிக்கத் தேவையில்லை. என் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். இராகுகாலம் என்பது சூரியன் எழும்பி விழும் வரைக்கும் உள்ள பொழுதை எட்டாகப் பிரிக்கிற கணக்கு. ஊரில் பொழுது ஏறக்குறைய ஒரே அளவு, ஆகையால் நேரமும் மாறாது. இங்கே ஈஸ்டர் கழிந்தால் சூரியன் இரவு எட்டு மணிக்கும் விழாது. அந்த நீளப் பொழுதை எட்டாகப் பிரித்தால்தான் ஆறரை வரும்.

பிறகு புகைமணி நினைவுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத பனியும் வந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன் பொதிகை மலையிலோ எங்கேயோ இருந்த சித்தருக்கு இதெல்லாம் எதற்கு?

"ஏய் பிள்ளை, எழும்பு" என்றேன். "இதைக் கேள்."

அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். பிறகு எழும்பி நிமிர்ந்து இருந்தாள். திரும்பப் போடச் சொன்னாள். நல்லெண்ணெய் விளக்குச் சொன்ன நாளையும் போட்டுக் காட்டினேன். சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மம்மா! ஏட்டிலை புகைமணி! நீங்களே பிடிச்சிட்டியள்! என்ரை வாத்தியாருக்குச் சொல்லப் போறன்."

"ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

"ஏன்? அவர் பொய் சொல்லுறார். உங்கடை குழுவிலை போடுங்கோ."

"பேசாமல் கிட" என்றேன்.

அவள் திங்கட்கிழமை மாலை ரயில் ஏறிப் போய்விட்டாள். போகிறவள் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாள். கேள்வி எனக்கா தனக்கா என்று தெரியவில்லை. "அவங்கள் ஏன் தங்கடை பேரைப் போடேல்லை, அம்மம்மா? அவ்வளவு கஷ்டப்பட்டுக் கணக்குப் பார்த்து எழுதிப்போட்டு?"

அன்று வீடு திரும்பவும் உறுமத் தொடங்கியது. நான் அந்தக் கிரேக்க பாஷைக்காரனை யோசித்துக்கொண்டு இருந்தேன். அந்த நாட்டுக்குக் குடிவந்தவர்களின் பேரப்பிள்ளையாக இருந்திருப்பான். கோயில் பூசாரிகளின் பாஷை அவனுக்கு வராது. அவன் சொன்னால் ஆர் நின்று கேட்பது? செத்துப்போன அரசன் சொன்னால் நிற்பார்கள். அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. பெயரும் புகழும் அந்த அரசனுக்குப் போய்விட்டதே, எழுதினவனைத் தேடி அவன் வாசலுக்கு ஒருத்தராவது வந்திருப்பார்களா?

சித்தர் பொய் என்று தெரிந்த பிறகும் நான் கேட்பதை நிறுத்தவில்லை. முந்தி வாக்கைக் கேட்டேன். இப்போது ஆளைக் கேட்டேன். மூச்சு எடுக்கிற இடம், எச்சில் விழுங்குகிற இடம். ஒரு நாள் காலை அவர், புது வேலை தொடங்கக் கூடாத நாட்களை எண்ணிச் சொன்னார். "லாபம், செவ்வாய். ரெண்டு, சனி" என்றார்.

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று எண்ணத் தொடங்குவது நெல் அளக்கிறவர்களின் பழக்கம். பிராண்டேயில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லோண்டரியில் நான் வேலை செய்த காலத்தில், துணிக்கட்டை அப்படி எண்ணுகிற ஒரு மனிதர் இருந்தார். கட்டில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்த நுனியில் நான், அந்த நுனியில் அவர். மெசினில் இருந்து விரிப்புச் சூடாக வரும், இழுப்போம், கிட்ட வருவோம், நுனியைக் கொடுப்போம், விலகுவோம். மெசின் சத்தத்தில் கதைக்க ஏலாது. பல வருடம் அந்த மனிதரின் முகத்தை வெள்ளைத் துணிக்கு மேலால் பார்த்திருக்கிறேன். "லாபம்" என்று அவர் முதல் கட்டை வைக்கும்போது மட்டும் குரல் கேட்கும். என்னைவிட நாலு வயது இளையவர்.

ஊர் பிராண்டே என்று எழுதியிருக்கிறேன். அது பிராண்டேயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேலையும் அப்படித்தான். எண்ணுகிற பழக்கமும் அப்படித்தான்.

அவருடைய தகப்பன் ஊரில் நாள் நட்சத்திரம் பார்க்கிற சாத்திரியார். மகனோ தன் பாட்டில் இருந்தவர்; மனைவி நோயில் விழுந்த பிறகு இருவருமாகப் பெந்தகொஸ்தே சபையில் சேர்ந்தார்கள். மகளைக் கட்டினவர்தான் இப்போது அந்தச் சபையை நடத்துகிற பாஸ்டர். சாத்திரம் பார்ப்பது அவர்களுக்குப் பெரிய பாவம். மனைவி போன வருடத்துக்கு முந்திய வருடம் போய்விட்டார். சித்தர் எதற்கு ஒளித்திருக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. ஆள் பிடிபட்டால், இருக்கிற ஒரே மகளின் வீட்டுக்கும் சபைக்கும் அவர் முகம் கொடுக்க ஏலாது. எனக்கும் காலையில் குரல் இல்லாமல் போகும். ஆகவே வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

மே மாதம் முதல் புதன்கிழமை மத்தியானம் நாடு முழுக்கச் சைரன் அடித்துப் பார்ப்பார்கள். டென்மார்க்கில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த நாள் காலை வந்த, முதல் நாளே பேசிப் பதிந்த சித்தர் வாக்கில், துலாத்துக்கும் விருச்சிகத்துக்கும் நடுவே, அந்தச் சைரன் நன்றாக ஊளையிட்டது.

அன்று பின்னேரமே தங்கச்சி என் வீட்டு வாசலில் நின்றாள். சப்பாத்தும் கழற்றவில்லை.

"அக்கா, கேட்டனீங்களோ? சித்தர் இஞ்சை டென்மார்க்கிலை குந்திக்கொண்டிருக்கிறார்!"

"உள்ளுக்கு வா. சப்பாத்தைக் கழட்டு."

"பெண்டுகள் எல்லாம் தேடத் தொடங்கிட்டுதுகள். ஒருத்தி சொல்லுறா கடைக்காரர் எண்டு. இன்னொருத்தி தன்ரை மச்சானாம் எண்டு சத்தியம் பண்ணுறா."

"கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறியள்?"

"செய்யிறதோ? படத்தோடை குழுவிலை போடுவம். ஏமாத்தினதுக்கு."

"உன்னட்டை இருந்து என்னத்தை எடுத்தவர்?"

"ஒண்டும் எடுக்கேல்லைத்தான். ஆனா அக்கா, நான் மூண்டு மாசமா வெள்ளிக்கிழமையிலை நகம் வெட்டாமல் இருக்கிறன், ஆரோ ஒரு உதவாதவன்ரை சொல்லுக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, கதிரையை என் பக்கம் இழுத்தாள்.

"நீங்கள் இஞ்சை வந்த காலத்திலை இருந்து எல்லா ஆக்களோடையும் வேலை செய்தனீங்கள். பழைய ஆக்கள் எல்லாரும் உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கோ, ஆற்றை குரல் இது?"

நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. இந்த ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். அதனால்தான் அவள் நேரே என்னிடம் வந்தாள். தெரியாது என்றால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். போனை வாங்கிக் காதில் வைத்தேன். எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

"எனக்குக் காது கேக்கிறது குறைவு, பிள்ளை" என்றேன். "கொஞ்சக் காலமா. உங்களுக்குச் சொல்லேல்லை."

என் காது நாய்க் காது. எழுபத்தொன்பது வயதில் என்னிடம் பழுதில்லாமல் இருக்கிற சாமான் அது ஒன்றுதான். அவளின் முகம் உடனே இளகிவிட்டது. "ஐயோ அக்கா!" என்று கத்தினாள், என் காதுக்குள்ளேயே.

அவள் போன பிறகு யோசித்தேன். இவர்கள் விடமாட்டார்கள். இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு கிழமையில் அவர் இன்னொரு பிழை விடுவார். அவருடைய மனைவியின் மரண அறிவித்தலில் இருந்த எண் என் போனில் கிடந்தது. பெற்ற பிள்ளைகளுக்கே முதலில் எடுக்காத நான் அந்த எண்ணை அழுத்தினேன்.

"ஹலோ?"

தம்புரா இல்லை. அடித்தொண்டையும் இல்லை. வயதான, மெல்லிய குரல்.

"தம்பி, நான். லோண்டரியிலை உம்மோடை விரிப்பு மடிச்சனான்."

"அக்காவோ! எவ்வளவு காலம். சுகமா இருக்கிறியளோ? என்ன விசயம்?"

"விசயம் இருக்கு. ஒவ்வொரு நாளும் விடிய நீர் என்னை மகளே எண்டு கூப்பிடுறீர். நான் உமக்கு நாலு வயசு மூப்பு."

அங்கே ஒரு கதவு சாத்தப்படுவது கேட்டது.

"அக்கா, ஆருக்குச் சொன்னியள்?"

"சொல்லுறதெண்டா உமக்கு ஏன் எடுக்கிறன்? இஞ்சை பெண்டுகள் உம்மைத் தேடுகினம். அதுதான் சொல்ல எடுத்தனான். சைரன் அடிக்கேக்கை ஆரும் ஏடு வாசிப்பினமோ?"

"யன்னலைப் பூட்ட மறந்திட்டன்" என்றார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"மருமகனுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சா நான் சபைப் படி மிதிக்கேலாது. அவையள் எனக்குக் கெட்டது ஒண்டும் செய்யேல்லை, அக்கா. மனிசி படுக்கையிலை கிடந்த காலம் முழுக்க மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்ததுகள். அதுகளை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்? ஆனா அவ போன பிறகு விடிய எழும்பினா எனக்கு வேத வசனம் வாயிலை வரேல்லை. ஐயா சொல்லித்தந்த நாள் நட்சத்திரம்தான் வருது. அதை ஆருக்காவது சொல்ல வேணும் போலை இருந்தது. முதல் முதல் கனடாவிலை இருக்கிற என்ரை அக்காவுக்குத்தான் அனுப்பினன். ஏட்டிலை இருக்கு எண்டு சொன்னன். அவ எல்லாருக்கும் அனுப்பி, அது சுத்திச் சுத்தி உங்கடை கோல்டிங்குக்கே வந்திட்டுது."

"உம்மடை பேரிலை சொல்லியிருக்கலாம்."

"என்ரை பேரிலையோ? விரிப்பு மடிச்சவன் சொன்னா ஆர் கேப்பினம்? உண்மையைச் சொல்லுங்கோ, நீங்கள் கேட்டிருப்பியளோ?"

கேட்டிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

"நிப்பாட்டாதையும்" என்றேன். "சைரன் அடிக்காத நாளாப் பார்த்து, யன்னலைப் பூட்டிப்போட்டுச் சொல்லும். நேரத்தை மட்டும் ஊர்க் கணக்கிலை சொல்லும், பிடிபடாது."

"ஏலாது அக்கா. பிழையான நேரத்தை எப்பிடிச் சொல்லுறது? அதோடை, நீங்கள் அந்தப் பக்கம் இருந்து கேக்கிறியள் எண்டு தெரிஞ்ச பிறகு எனக்கு மகளே எண்டு வாய் வருமோ?"

"அப்ப எனக்குப் போன் எடும். சித்தராக வேண்டாம். இப்ப கதைக்கிற மாதிரிக் கதையும்."

"நானாக் கதைக்க என்னட்டை என்ன இருக்கு, அக்கா?" என்றார். நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையாகத் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் அகப்படாத மாதிரிச் சொன்னார். அவரிடம் கேட்க என்னிடமும் என்ன இருக்கிறது என்று யோசித்தபடி போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர், "கர்த்தர் உங்களைக் காப்பார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த நாள் குரல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஆளைக் காப்பாற்றினேன், குரலைத் தொலைத்தேன்.

குழுவில் சில நாள் சித்தர் சமாதியாகிவிட்டார் என்று பகிடி நடந்ததாம். பிறகு லண்டனில் இருந்து எண்சாத்திரம் சொல்கிற ஒரு பெண் வந்தாள், எல்லோரும் அவளிடம் போய்விட்டார்கள். எனக்கு அதுவும் வருவதில்லை. அக்காவுக்குக் காது கேட்காது என்று தங்கச்சி குரல்கள் அனுப்புவதையே விட்டுவிட்டாள். எழுத்தாக அனுப்புகிறாள். கூட்டி வாசித்து முடிப்பதற்குள் மரண வீடே முடிந்துவிடும். கோயிலில் எல்லோரும் என்னிடம் கத்திக் கதைக்கிறார்கள், அல்லது கதைக்காமல் கையை அசைத்துவிட்டுப் போகிறார்கள். நான் திருத்தவில்லை. திருத்தினால் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பார்கள்.

பழைய வாக்குகள் போனில் இன்னும் கிடக்கின்றன. கேட்பதில்லை. போன வருடத்துச் சந்திரனை வைத்து இந்த வருடம் என்ன செய்வது? கண் விழித்ததும் சில நேரம் வாய், எழும்பிட்டன் என்று சொல்லிவிடுகிறது. அந்த மனிதரும் பிராண்டேயில், அல்லது வேறெங்கோ, அதே நேரத்துக்கு எழும்பி இருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது ஒரு விரிப்பும் இல்லை. அவர் எடுக்கவில்லை. நானும் திரும்ப எடுக்கவில்லை. ஒரு முறை முதலில் எடுத்துவிட்டேன். இரண்டாம் முறை எடுக்க என் மனம் வளையவில்லை. அது பிழையோ சரியோ, நான் அப்படிப்பட்டவள்.

இதை ஏன் எழுதினேன் என்றால், அவரைத் தேடினவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பொய்யனைத் தேடினீர்கள். விடியற்காலையில் எழும்பி, டென்மார்க்குச் சூரியனுக்குத் தக்கபடி பொழுதை எட்டாகப் பிரித்து, முன்பின் அறியாத பெண்களைத் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்ட ஒருவர் இருந்தார். கணக்கில் அவர் பொய் சொல்லவில்லை. பெயரில் மட்டும்தான் சொன்னார். பெரிய பெயரை நாங்கள்தான் கேட்டோம். இது அச்சில் வந்ததும் தங்கச்சி என் வாசலுக்குச் சண்டைக்கு வருவாள். வரட்டும், தேத்தண்ணி வைத்துக் கொடுப்பேன். ஆளை மட்டும் சொல்ல மாட்டேன்.

கோப்பன்ஹேகன் பேத்தி நேற்று மாலை வந்து நிற்கிறாள். பக்கத்து அறையில் தலைக்குக் குளித்து மயிர் உலர்த்துகிறாள். பழைய எழுத்தில் ஆளைப் பிடிக்கிற படிப்புத்தானே படிக்கிறாள். எழுதினவன் எதை மறைத்தான், எந்தச் சொல்லில் வழுக்கினான் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிட்டேன்.

"பிள்ளை, இஞ்சை வா. இந்தத் தாளுகளை எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டு. அந்த மனிசனை ஆரும் பிடிக்கிற மாதிரி ஒரு சொல்லாவது இருந்தா அந்த இடத்திலை நில், வெட்டிப்போடுவம். மெல்ல வாசி, அவசரம் இல்லை. முதலிலை இருந்து தொடங்கு."